ஸ்டாக் இல்லாமல் முதல் பில்

அக்டோபர் 3, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மேற்கே மேகம் கூடுகிறது, கலைகிறது. மழை இல்லை.

இன்று முடிக்க வேண்டியவை:
– பூச்சிமருந்து ப்ளக்-இன்: காலாவதியானதை பில்லில் ஏற்றக் கூடாது
– ஆள் தேடல்: பெயர் + அப்பா பெயர் + ஊர். மூன்றும் கட்டாயம். (வெறும் ‘முருகன்’ என்று தேடினால் திரை நிறைய முருகன்)
– அம்மாவுக்கு பி.பி. மாத்திரை
– கேஸ் புக் பண்ண

முதல் இரண்டும் முடிந்தன. மாத்திரை மறந்துபோச்சு. அம்மா காலி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள், அதுதான் குத்துகிறது.

மத்தியானம் என் பார்ட்னர் குமரன் போன். விஜயதசமி அன்று காலை கடையில் நம் பில் சாஃப்ட்வேர் ஆரம்பம் என்று ஏழுமலை ஐயாவிடம் சொல்லிவிட்டானாம். அதாவது அடுத்த சனிக்கிழமை. என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தீபாவளி கழியட்டும் என்றிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

"நல்ல நாளு ஸ்டெல்லா. அத வுட்டா தை மாசம்னுடுவாரு. அதுக்குள்ள மெட்ராஸ்காரனுங்க உள்ள பூந்துடுவானுங்க."

மெட்ராஸ்காரர்கள் என்றால் ஒரு பெரிய கம்பெனி. போன மாதமே வந்து கலர் கலராகத் திரையில் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏழுமலை ஐயாவுக்கு நான்கு உரக்கடை. திண்டிவனத்தில் பெரிய கடை, அதை ஒட்டியே பின்னால் வீடு. விழுப்புரம், வளவனூர், காணையில் கிளைகள். இவர் எடுத்தால் மற்ற கடைக்காரர்கள் பின்னால் வருவார்கள். எடுக்காவிட்டால் இரண்டு வருஷமாக நான் எழுதியது என் லேப்டாப்பிலேயே கிடக்கும், நான் மறுபடியும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு யாருடைய ஆபீஸிலாவது உட்கார வேண்டியதுதான்.

இவர்தான் முதல் ஆள். இது போனால் எல்லாம் போச்சு.

கேஸும் புக் பண்ணவில்லை.

அக்டோபர் 5, சனி

விழுப்புரம் கிளை. காலை முழுவதும் கவுன்டருக்குப் பின்னால் ஒரு உர மூட்டை மேல் உட்கார்ந்து வேடிக்கை. குமரன் முன்கூட்டியே போனில் சொல்லி வைத்திருந்தான்: "நம்ம ஸ்டாஃபு ஒருத்தங்க வருவாங்க, பாத்துட்டுப் போவட்டும்."

ஸ்டாஃப். சரி. ஆளைப் பார்ப்பது அவன், கோடிங்கைப் பார்ப்பது நான் என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டதுதான். கல்லூரியிலும் அப்படித்தான். ஒரே வகுப்பு. புரோகிராம் என்னுடையது, சார் முன்னால் நின்று பேசுவது அவன். பாதிப் பாதி பார்ட்னர் என்று பேச்சு. இதுவரை பேச்சு மட்டும்தான்.

நடவு நேரம். கூட்டம் தாங்கவில்லை. காதில் விழுந்தது:

"யூரியா இருக்குதா?"

"இருக்குது. பெருவெரல வைங்க."

"வச்சிக்கினுதான் இருக்கேன், எடுக்க மாட்டேங்குதே."

"துண்டுல தொடச்சிட்டு வைங்க பெரியவரே. சேறு காஞ்சிருக்குது."

அரசாங்கத்துக் கைரேகை மிஷின். ரேகை விழுந்தால்தான் மூட்டை. வயலில் தேய்ந்த விரல், லேசில் விழாது. பின்னால் பத்துப் பேர் கத்துகிறார்கள். ஆகவே: ரேகை விழும்வரை அந்த பில்லை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு அடுத்தவருக்குப் போட முடிய வேண்டும். குறித்துக்கொண்டேன். கலர் திரைக்காரர்களிடம் இது இருக்காது. இன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து பிடுங்கிப் பார்க்கும் சோதனை.

சாஃப்ட்வேரின் மையம், அதாவது கோர், சின்னதாக இருக்க வேண்டும், அது என் பிடிவாதம். ஆள், பொருள், பில் எண், தேதி. அவ்வளவுதான் கோர். மற்றதெல்லாம் வெளியிலிருந்து செருகுவது. உரத்துக்கு ஒரு ப்ளக்-இன், பூச்சிமருந்துக்கு ஒன்று, விதைக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று. நாளைக்கு ஒரு துணிக்கடை வந்தால் உரத்தைக் கழற்றிவிட்டுத் துணியைச் செருகினால் போதும், கோரைத் தொட வேண்டாம். ஒன்று படுத்தாலும் மற்றது நடக்க வேண்டும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பேன்.

உரம் பிடுங்கினேன். ஓடியது. விதை. ஓடியது. ஸ்டாக்கைப் பிடுங்கினேன். திரை அப்படியே நின்றுவிட்டது.

எத்தனை பாட்டில் இருக்கிறது என்று பூச்சிமருந்து கேட்கிறது. சொல்ல வேண்டிய ஸ்டாக் இல்லை. பதில் வரும் என்று காத்திருக்கிறது, மொத்தக் கடையையும் நிறுத்திவிட்டு.

இன்னும் ஒரு வாரம்தான். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

சாயங்காலம் இடி. நாலு சொட்டு. கரன்ட் போனது, வந்தது, போனது.

உறைந்து நின்றதைச் சரிசெய்துவிட்டேன். பதில் வராவிட்டால் காத்திருக்காதே, பில்லைப் போடு, ஓரத்தில் ‘ஸ்டாக் பிறகு பார்க்கவும்’ என்று குறி வை. சொன்னால் ஒரு வரி. எழுத இரண்டு நாள்.

கு. வந்தான். டீ கூடக் குடிக்காமல் ஆரம்பித்தான்.

"பில்லு வாட்ஸாப்புல போவணும்ங்கறாரு ஐயா. பண்ணிடலாம்னுட்டேன்."

"எப்போதைக்கு?"

"சனிக்கிழமைக்குத்தான்."

"குமரா, பழைய டேட்டாவே இன்னும் மாத்தல. நீ அதுக்குள்ள..."

"ப்ளக்-இன்னு ப்ளக்-இன்னுன்னு நீதானே சொல்லிக்கினு இருக்கற? ஒண்ண சொருவி வுட வேண்டிதானே?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். சொருகுவதற்கு முன்னால் அதை ஒருத்தி எழுத வேண்டும், அவளுக்கு இரண்டு கைதான். அவன் முகம் சுருங்கிப்போனது. அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு வேலையைப் பேசினோம். நான்கு கடையின் பழைய டேட்டாவும் திண்டிவனத்து வீட்டில் இருக்கும் சர்வர் மிஷினில். மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் பில் போடுவதை நிறுத்த வேண்டும், ஒரு ராத்திரி முழுக்க ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை, கடை லீவு. அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வெள்ளி ராத்திரி ஓட்டிவிடலாம் என்றேன். கு. போனைப் பார்த்துக்கொண்டே "சரி சரி" என்றான்.

வாட்ஸாப் கிடையாது என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

திண்டிவனம் கடையில் பில் போடும் அமுதா போன் செய்தாள். நல்ல பெண். சந்தேகம் என்றால் எனக்குத்தான் நேரே அடிப்பாள். கு.வுக்கு அது பிடிக்காது.

"அக்கா, வெள்ளிக்கிழம ராத்திரி வேல இருக்குதுன்னு குமரன் அண்ணன் சொன்னாரே, எப்பிடிக்கா?"

"ஏன், கடை லீவுதானே?"

"லீவுதான்க்கா. ஆனா மிஷினு பூஜைல இருக்குமே. பொட்டு வச்சி எடுத்து வச்சிட்டா மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாதில்ல?"

போனை வைத்துவிட்டுக் காலண்டரை எடுத்தேன்.

ஆயுத பூஜை என்றால் மிஷினுக்குத்தான் பூஜை. அந்த ராத்திரியைப் பார்த்துத்தான் மிஷின் ஓட நாள் குறித்திருக்கிறேன்! எங்கள் வீட்டில் ஞாயிறு பூசை, கிறிஸ்துமஸ். ஆயுத பூஜை எனக்கு எப்போதும் ஒரு லீவு, தெருவில் கிடைக்கும் பொரி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் புத்தகத்தை அடுக்கி வைத்த ஞாபகம்கூட வரவில்லை.

எனக்காவது ஒரு சாக்கு உண்டு. கு.வுக்கு? வளவனூரில் அவர்கள் வீட்டில் டிராக்டருக்கு மாலை போட்டு, மண்வெட்டிக்கெல்லாம் சந்தனம் வைப்பார்கள். போட்டோ அனுப்புவான் வருஷா வருஷம். கம்ப்யூட்டர் அவனுக்கு ஆயுதமாகவே தோன்றவில்லை.

போன் போட்டேன். "அட ஆமால்ல" என்றான். அவ்வளவுதான். அட ஆமால்ல.

நாளைக்கே திண்டிவனம் போய் முடிக்க வேண்டும். வேறு வழி இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

திண்டிவனம். காலை பஸ், நின்றுகொண்டே பயணம். பெரிய கடைக்கு இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் எல்லாம் போனில்தான், ஐயாவிடம் என்றால் கு. வழியாக.

போன நேரம், யூரியா லோடு வந்து நிற்கிறது. தெரு வரைக்கும் ஆள். அமுதாவின் விரல் நிற்கவில்லை. இந்த நேரத்தில் பில்லை நிறுத்து என்று யாரிடம் சொல்வது? மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பொருள் பட்டியல், ஆள் பட்டியல் இரண்டையும் அங்கிருந்தே இழுத்துவிட்டேன். ஸ்டாக் மட்டும் வராது. அதற்கு சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து பழைய சாஃப்ட்வேரை மூட வேண்டும்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கு.விடம் சொன்னேன், உள்ளே போய் அரைமணி நேரம் உட்கார்ந்தால் ஆரம்பித்து வைத்துவிடுவேன் என்று.

"நீ உள்ள வாணாம் ஸ்டெல்லா."

"ஏன்?"

"பூஜ ரூமுக்குப் பக்கத்துல இருக்குது மிஷினு. அவங்கல்லாம் ஒரு மாதிரி."

ஒரு மாதிரி. எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. காணை காலனியில் பிறந்தவளுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். காது சூடானது. அவர்கள் மேல் கோபம், அவர்கள் யூரியா மேல் கோபம், அந்த வீட்டு வாசல் திரைச்சீலை மேல்கூடக் கோபம். கு. மேல் வரவில்லை. என் முகம் கோணக் கூடாது என்று பார்க்கிறானே என்றுதான் நினைத்தேன்.

அவனே உள்ளே போனான். உடனே திரும்பி வந்தான்.

"பேஜாரு. நாளைக்கு பூஜன்னு இன்னிக்கே வயர புடுங்கி, தொடச்சி எடுத்து வச்சிட்டாங்க."

வயரைப் பிடுங்கி. முறையாக மூடாமல் அப்படியே. உள்ளே டேட்டா என்ன கதியோ.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட். ஒன்றும் கண்ணில் படவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

தெருவெல்லாம் பூசணிக்காய்ச் சிதறல். ஆட்டோ ஒவ்வொன்றிலும் இரண்டு வாழைக்கன்று. எதிர்வீட்டு மெக்கானிக் ஸ்பானருக்கெல்லாம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார். பார்த்துக்கொண்டே நின்றேன். முந்தாநாள் வரை இது எங்கே போயிருந்தது என் மண்டையில்?

முடிவு பண்ணிவிட்டேன். ஸ்டாக் இல்லாமலே ஆரம்பம்.

கோர், ஆட்கள், பொருட்கள், உரம், விதை, மருந்து. ஸ்டாக் ப்ளக்-இன்னைக் கழற்றி வைத்துவிடுவது. பில் போகும், ஓரத்தில் குறி விழும். டேட்டா கைக்கு வந்த பிறகு ஸ்டாக்கைச் செருகிக்கொள்ளலாம். சர்வரும் வேண்டாம், என் லேப்டாப்பைக் கவுன்டரில் வைத்தே ஆரம்பித்துவிடலாம்.

கு. போனில் பதறினான்.

"ஸ்டாக்கு இல்லாம ஒரு கடையா? ஐயா கேட்டா இன்னா சொல்றது?"

"இருக்கறத சொல்லு. நாலு நாளு கழிச்சி வரும்னு சொல்லு."

"அப்பிடில்லாம் சொன்னா அவரு எகிறுவாரு. நீ பேசாத, நான் பாத்துக்கறேன்."

நீ பேசாத. கல்லூரியிலிருந்து எட்டு வருஷமாகக் கேட்கிற வார்த்தை.

பகல் முழுக்கச் சோதனை. ஸ்டாக் இல்லாமல் பொய் பில்லாகப் போட்டுத் தள்ளினேன். நிற்கவில்லை. காபி அதிகம்.

அம்மா: "நாளைக்கு முடிஞ்சிடுமாம்மா?"

நான்: "முடிஞ்சிடும்."



அக்டோபர் 12, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு மாறிப்போகும்.

விடியும்போதே பஸ். கடை வாசலில் மாவிலை, கோலம். அமுதா பட்டுப்புடவை. கவுன்டரில் என் லேப்டாப், கடை நெட்வொர்க்குப் பிரின்டரோடு இணைத்து, எல்லாம் தயார். ஏழுமலை ஐயா வெள்ளை வேட்டியில் வந்தார். வாட்டசாட்டமான ஆள், குரல் மெதுவானது. முதன்முறையாகப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இன்னாப்பா குமரா, ஒம்போதுக்கு ராகு காலம் வந்துடும். ஆரம்பிக்கலாமா?"

"ரெடிங்கய்யா."

"இது யாரு பொட்டி?"

"நம்ம லேப்டாப்புங்க. இன்னிக்கி மட்டும் இதுல..."

"பூஜ போட்டது என் மிஷினுக்குப்பா. மொத பில்லு அதுலருந்துதான் வரணும். அதுல போடு."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் பேச்சு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கு. என்னைப் பார்த்தான். பென்டிரைவில் எல்லாம் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். நான் எழுந்தேன். அவன் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கடைசியாகக் கோட் எழுதி எட்டு வருஷம் ஆன ஆள்!

உள்ளிருந்து குரல்:

"ஸ்டெல்லா, கறுப்பா என்னமோ வருது!"

"இன்னா எழுதியிருக்குது? படி."

"பழைய சாஃப்ட்வேரு. ஒழுங்கா மூடல, ரிப்பேர் பண்ணட்டுமான்னு கேக்குது."

"வாணாம்! இல்லன்னு குடு."

திரைச்சீலைக்குக் கிட்டே போனேன்.

"குமரா?"

"ஆமான்னு குடுத்துட்டேனே."

அமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ரிப்பேர் ஆரம்பித்தால் மத்தியானம் வரை ஓடும். பாதியில் நிறுத்தினால் பழைய டேட்டா பாழ். ஒரே வழிதான், அது ஒரு பக்கம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்திலேயே என் கோரை ஏற்றுவது. ஏற்றலாம், என் கோருக்குப் பழைய டேட்டா தேவையில்லை. ஆனால் அதைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கத்திச் சொல்ல முடியாது. கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை தாண்டியாச்சு. ஐயா கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

அப்போதுதான் அவர் மனைவி தனலட்சுமி அம்மா வெளியே வந்தார். பின்னாலேயே கு.

"யார கேட்டுக் கேட்டு அடிக்கற நீ? அந்தப் பொண்ணையே உள்ள கூப்புட வேண்டியதானே?"

"இல்லக்கா. அவங்க வேற சாமி. பூஜ பண்ற எடத்துக்குள்ள வர மாட்டாங்க. அன்னிக்கே சொன்னேனே."

என் காதால் கேட்டேன். அன்றைக்கே சொன்னானாம்.

என்னிடம், அவர்கள் ஒரு மாதிரி. அவர்களிடம், இவள் வர மாட்டாள்.

தனலட்சுமி அம்மா என்னை நேராகப் பார்த்தார். "ஏம்மா, வர மாட்டியா?"

"வர மாட்டேன்னு நான் சொல்லவே இல்லீங்களே," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கு. பக்கம் திரும்பவில்லை.

சின்ன அறை. சாம்பிராணி வாசனை. தராசு, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், ஸ்டேப்ளர், எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். சர்வருக்குச் சாமந்தி மாலை. மாலையை விலக்காமலே கீபோர்டை இழுத்து உட்கார்ந்தேன். ரிப்பேர் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டேன். கோர் ஏற்ற ஆரம்பித்தேன்.

தனலட்சுமி அம்மா பின்னாலேயே நின்றார்.

"எந்த ஊரும்மா நீ?"

"காணைங்க."

"காணையில எந்தப் பக்கம்? நம்ம கடகூட அங்க இருக்குதே."

கை நின்றுவிட்டது. இந்தக் கேள்விக்குப் பழகி வைத்த பதில்கள் நிறைய உண்டு. பஸ் ஸ்டாப் பக்கம். ஸ்கூல் பக்கம். எல்லாம் உண்மைதான். ஆனால் இன்று ஏற்கெனவே ஒருத்தன் எனக்காகப் பேசிய பேச்சு காதிலேயே நின்றது.

"காலனிங்க," என்றேன்.

திரும்பிப் பார்க்க பயம். ஆனாலும் பார்த்தேன். அவர் சாமி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. நேரமாவுது, ஜல்தி பாரு," என்றார்.

அது என்ன ‘சரி’ என்று இப்போதும் தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால், ராகு காலம் நெருங்காமல் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தெரியாது. ஆனால் அறையை விட்டு அவர் போகவில்லை, நானும் எழவில்லை.

உரம். விதை. மருந்து. ஸ்டாக் இல்லை. ஓடியது.

ஐயா உள்ளே வந்து நின்றார். முதல் பில் எப்போதும் மயிலம் கோயில் முருகன் பேருக்குத்தானாம், ஒரு பாக்கெட் வெண்டை விதை. புது வேலை எது ஆரம்பித்தாலும் அப்படித்தான். பெயர்: முருகன். ஊர்: மயிலம். அடித்தேன். அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. அப்பா பெயர் இல்லாமல் பில் போகாது! நானேதான் கட்டாயம் ஆக்கினேன்.

"இன்னாம்மா நிக்குது?"

"அப்பா பேரு கேக்குதுங்கய்யா."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேக்கட்டும், கேக்கட்டும். பரமசிவம்னு போடு."

போட்டேன். வெளியே கவுன்டரில் பிரின்டர் கிர்ரென்றது. அமுதா கத்தினாள்: "வந்துடுச்சு!" ஒன்பதுக்குச் சற்று முன்னால்.

ஓரத்தில் குறியும் விழுந்திருந்தது. ஸ்டாக் பிறகு பார்க்கவும். ஐயா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு கு.விடம் கேட்டார். நாலே நாளில் வந்துவிடும் என்றான் அவன். அவர் எகிறவில்லை. "பரவால்லப்பா குமரா, சொன்ன நேரத்துக்குப் பண்ணிட்ட" என்று தோளில் தட்டினார். "எல்லாம் உங்க ஆசீர்வாதங்கய்யா" என்றான் கு. நான் லேப்டாப் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஏறப் போகும்போது வந்து நின்றான்.

"உனக்கு ஒரு சங்கடம் வந்துடக் கூடாதேன்னுதான்."

"அவங்க ஒரு மாதிரின்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாதான்... உனக்குத் தெரியாதா, ஊரு எப்பிடின்னு?"

"நான் வர மாட்டேன்னு அவங்ககிட்ட சொன்னியே, அது?"

"அதுவும் அதுக்குத்தான் ஸ்டெல்லா. சத்தியமா."

பொய் சொல்கிறான் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் ஆத்திரம். பாதி அக்கறைதான் அது. மீதிப் பாதி, ஐயா தோளில் தட்டிச் சொன்ன அந்த ‘சொன்ன நேரத்துக்குப் பண்ணிட்ட’.

அக்டோபர் 13, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை. சாமியார் என்ன பேசினார் என்று கேட்டால் தெரியாது.

தனலட்சுமி அம்மா கொடுத்தனுப்பிய பொரி, கடலை. அம்மா முறத்தில் கொட்டிக்கொண்டே:

"யாரு குடுத்தா?"

"கடைக்கார அம்மா."

"வூட்டுக்குள்ளயா கூப்ட்டாங்க?"

"ம்."

அம்மா ஒரு கை பொரி அள்ளினாள், வாயில் போடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

ரிப்பேர் முடிந்துவிட்டது. பழைய டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தேன். கோர் இப்போது அவர்கள் மிஷினிலேயே இருப்பதால் வீட்டிலிருந்தே அதற்குள் போய் ஸ்டாக் டேட்டாவை மாற்றிவிட்டேன். நாளை நேரில் போய் ஸ்டாக் ப்ளக்-இன்னைச் செருக வேண்டியதுதான்.

எட்டு வருஷமாக இரண்டு பக்கத்துக்கும் அவன்தான் சேதி கொண்டுபோனான். ஒரு பக்கம் சொன்னது மறுபக்கம் அப்படியே போகிறதா என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. புரோகிராமில் இருந்தால் முதல் சோதனையிலேயே பிடித்திருப்பேன்.

கு.வின் மிஸ்டு கால் மூன்று. எடுக்கவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

ராத்திரி நல்ல மழை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முழங்கால் வரை சேறு.

கடையில் கூட்டம். பில் நிற்காமல் ஸ்டாக்கைச் செருகினேன். அமுதாவுக்குத் தெரியவே இல்லை. "எப்பக்கா போடப் போறீங்க?" என்றாள். போட்டாச்சு என்றேன். சனிக்கிழமை பில்களின் ஓரக் குறிகள் ஒவ்வொன்றாகத் தாமே மறைந்தன. இரண்டு மட்டும் நின்றன, டிஏபி உர மூட்டையில் கணக்கு உதைக்கிறது. கிளையில் எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கு. பதினோரு மணிக்கு வந்தான். எதுவும் நடக்காத மாதிரி. "சாப்ட்டியா?" "ம்."

ஐயா இருவரையும் மேசைக்குக் கூப்பிட்டார். கு.வைப் பார்த்துத்தான் பேசினார்.

"என் தம்பி செஞ்சியில மல்லாட்டை மண்டி வச்சிருக்கான். நேத்து வந்து பாத்தான், புடிச்சிருக்குது. தீபாவளிக்குள்ள அங்கயும் போட்டுடலாமா?"

"அதெல்லாம் பண்ணிட..." என்று கு. ஆரம்பித்தான்.

"முடியாதுங்கய்யா," என்றேன்.

ஐயா இப்போதுதான் என் பக்கம் கண்ணைத் திருப்பினார். இருந்த ஒரே ஆளையும் கெடுத்துக்கொள்கிறேனோ என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"வேர்க்கடலை மண்டி வேற மாதிரிங்க. ஏலம் இருக்குது, எடை இருக்குது, ஈரமா வந்தா எடையில கழிக்கற ஈரக் கழிவு இருக்குது. நான் ஒரு வாரம் அங்க போயி உக்காந்து பாக்கணும். பாத்தப்புறம்தான் எப்போன்னு சொல்ல முடியும். தீபாவளிக்குள்ள முடியாது."

"நீ இவரு கிட்ட வேல செய்யற பொண்ணுதானே?"

கு. பக்கம் திரும்பினேன். சொல்லுவான் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன், நிஜமாகவே.

"இல்லீங்கய்யா. இத எழுதனது நான்தான்."

ஐயா அவனைப் பார்த்தார். அவன் மேசையிலிருந்த உர விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ யூரியா கேட்டுச் சத்தம் போடுகிறார்கள். ஐயா எழுந்து, நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஈரக் கழிவ எப்பிடி போடுவ? சொல்லு, கேப்போம்."